பட்டாவில் ஏறாத பாட்டன்மார்: தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமாள்மலையிலும் அதைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலும், கொடைக்கானல் வட்டத்தின் தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் வாழும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்தினருக்கு:

நீங்கள் எந்த ஊரார், அதற்கு எழுத்துச் சான்று எங்கே என்ற ஒரே கேள்வியை இரண்டு நாடுகள் மாறி மாறி உங்களிடம் கேட்டிருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ அந்தத் தீவில் பிறந்ததை நிறுவும்படி உங்கள் பாட்டன்மாரைக் கேட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இடைவிடாது வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டது. சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டும், 1964 வரை குடியுரிமை பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தலைக்கணக்காகப் பிரித்தது. மீந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து வந்த பிறகும் கேள்வி ஓயவில்லை. பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கும், வீட்டுமனைக்கும், வங்கிக் கடனுக்கும் பூர்வீகத்தைக் காட்டும் ஆவணத்தைக் கொண்டுவரும்படி இங்குள்ள அலுவலர்களும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

உங்கள் முன்னோர் கைநாட்டுக்காரர்கள், அவர்களைப் பற்றிய எழுத்து எங்கும் இல்லை என்று நீங்களே நம்பத் தொடங்கியிருப்பதுதான் இம்மடலை எழுதத் தூண்டிய குறை. அந்த நம்பிக்கை தவறானது. உங்கள் முன்னோரைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அது எழுதப்பட்ட இடங்கள் வேறு, நீங்கள் தேடும் இடம் வேறு. பூர்வீகம் என்றவுடன் எல்லோரும் பட்டாவைத் தேடி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே பெயர் இல்லையென்றவுடன் வரலாறே இல்லையென்று திரும்பிவிடுகிறார்கள். பட்டாவில் ஏன் பெயர் இல்லை என்பது முதலில் விளங்கினால், எங்கே இருக்கும் என்பதும் விளங்கும்.

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்த ரயத்துவாரி முறை, நிலவரிக்குப் பொறுப்பாளி என்று அரசு ஏற்றுக்கொண்ட ஒருவரின் பெயரை மட்டும் பதிவு செய்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளே பட்டா. அவருடைய நிலங்களையெல்லாம் திரட்டிக் காட்டுவது சிட்டா. ஊரிலுள்ள புல எண்கள் ஒவ்வொன்றுக்கும் பரப்பு, வகை, தீர்வை, பட்டாதாரர் ஆகியவற்றை வரிசைப்படுத்துவது 'அ' பதிவேடு. ஒவ்வொரு பசலியிலும், அதாவது சூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டிலும், எந்தப் புலத்தில் என்ன பயிர் நின்றது என்று எழுதப்படுவது அடங்கல். பழைய தாள்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் பசலி மட்டும் இருந்தால், அந்த எண்ணுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆண்டு கிடைக்கும். பசலி 1330 என்பது 1920 சூலையில் தொடங்கியது. இத்தனை கணக்குகள் இருந்தும், அந்த நிலத்தில் ஏர் பிடித்த பண்ணையாளுக்கு, நடவு நட்ட பெண்ணுக்கு, பட்டாதாரரின் களத்தோரம் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பத்துக்கு இவற்றில் இடமில்லை. நத்தம் எனப்பட்ட குடியிருப்பு நிலத்துக்குக்கூட வீடுவாரியான பதிவு மிகப் பிற்காலத்தில்தான் வந்தது. இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணி எனப்பட்ட ஆள்சேர்ப்பவரின் பின்னே நடந்து போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்களாகவோ, இருந்த துண்டு நிலத்தையும் பஞ்சத்திலோ கடனிலோ இழந்தவர்களாகவோ இருந்தார்கள் என்பதால், அவர்களைப் பட்டாவில் தேடுவது வரியே கட்டாதவரை வரிக்கணக்கில் தேடுவதாகும்.

இங்கே அயர்லாந்தை உங்கள் முன் வைப்பது பொருத்தமாயிருக்கும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள், மேலும் பத்து லட்சம் பேர் கடல் கடந்தார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மூதாதையரின் கிராமத்தைத் தேடுவது ஒரு பெரிய இயக்கமாகவே நடக்கிறது. அவர்களின் மூதாதையரும் நிலமற்ற ஏழைகளே. ஆயினும் தேடல் பலிக்கிறது. காரணம், 1847 முதல் 1864 வரை ரிச்சர்டு கிரிஃபித் என்பவரின் தலைமையில் நடந்த நிலமதிப்பீடு, நிலக்கிழாரின் பெயரோடு, அந்த நிலத்தையோ வீட்டையோ குத்தகைக்கு அனுபவித்தவரின் பெயரையும் எழுதியது. சிறு குடிசையில் இருந்தவரும் அதில் தப்பவில்லை. அதற்கு முன்பே, 1823 முதல் 1837 வரை, திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கு வரிக்காகத் தயாரான ஏடுகளும் உழுதவரின் பெயரைத்தான் குறித்தன. வரியை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கே அங்கே குத்தகைக்காரனுக்கு வரலாற்றில் இடம் வாங்கிக் கொடுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து மன்னார் வழியாகக் கண்டிக்கு நடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே உங்கள் தேடலில் நிலப்பதிவு கடைசியில் வர வேண்டும், முதலில் வரக் கூடாது.

முதலில் வர வேண்டியவை உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருப்பவை. மண்டபத்திலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டை, கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டு, தோட்ட நிர்வாகத்தின் வழியாகப் பதிவான பிறப்புச் சான்று, சேமலாப நிதிக் கடிதம், தோட்டப் பள்ளியின் விடுகைச் சான்று ஆகியவற்றை நீங்கள் சலுகைக்கான தாள்களாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டீர்கள். இவற்றில் எதில் இந்திய ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே உங்கள் தலைமுறைத் தேடலின் நுனி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஊரின் பெயரை எழுதியவர் பெரும்பாலும் ஊரை அறியாத எழுத்தர். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், அதைப் பார்த்து இன்னொருவர் தமிழில் எழுதினார். மாவட்டத்தின் பெயரும் அன்றைய மாவட்டத்தின் பெயர். திருச்சிராப்பள்ளி என்று எழுதப்பட்ட ஊர் 1974க்குப் பின் புதுக்கோட்டையிலோ, 1995க்குப் பின் கரூரிலோ பெரம்பலூரிலோ இருக்கலாம். சேலம் என்றிருந்தால் 1965க்குப் பின் தருமபுரியாகவோ 1997க்குப் பின் நாமக்கல்லாகவோ இருக்கலாம். இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985இல் பிரிந்தன. உங்கள் கொடைக்கானலே 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்ததுதான். அதிலும் புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம் என்பதால் அதன் பழைய நிலக்கணக்குகள் பிரிட்டிஷ் மாவட்டங்களின் கணக்குகளோடு சேர்ந்தவை அல்ல. ஊர் கிடைக்கவில்லை என்று கைவிடும் குடும்பங்களில் பல, உண்மையில் மாவட்டத்தைத் தவறவிட்ட குடும்பங்கள்.

தனியொரு குடும்பமாகத் தேடாதீர்கள் என்பதும் இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. ஒரு கங்காணி தன் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த உறவினர்களையும் தெரிந்தவர்களையும்தான் கூட்டிப் போனார். லயம் எனப்பட்ட ஒரே வரிசை வீட்டில் குடியிருந்து, ஒரே பெரட்டுக்களத்தில் வேலைக்கு அணிவகுத்து நின்றவர்களின் பூர்வீகம் பெரும்பாலும் பத்துக் கல் சுற்றளவுக்குள் அடங்கும். உங்கள் தாத்தாவின் ஊர் மறந்துபோயிருந்தாலும், அவருடன் ஒரே கங்காணியின் கீழ்ப் பேர் விழுந்த இன்னொருவரின் ஊர் அவருடைய பேரனுக்கு நினைவிருக்கலாம். அந்தப் பேரன் இன்று நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கலாம், அல்லது வாட்டில் பட்டை உரிக்கும் கூப்பு வேலைக்கு வந்து இதே மலையில் உங்கள் பக்கத்து வளவில் தங்கியிருக்கலாம். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், கங்காணியின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து விசாரித்தால்தான் இந்த இழை கைக்கு வரும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. அது பங்குப் பதிவேடு. பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் எல்லை. அந்த எல்லைக்குள் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தனித்தனி ஏடுகளில் எழுத வேண்டும் என்பது 16ஆம் நூற்றாண்டின் திரிதெந்து பொதுச்சங்கத்திலிருந்து படிப்படியாக உறுதிப்பட்ட விதி. திருமுழுக்கு ஏட்டின் ஒரு வரியில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் இடம்பெறுவர்; பல ஏடுகளில் ஊரும் உண்டு. பிற்காலத்தில் அந்தக் குழந்தை எந்தக் கோயிலில் யாரை மணந்தது என்பதும் அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பதால், ஒரு வரி இன்னொரு கோயிலுக்கு வழி காட்டும். நிலப்பதிவிலிருந்து இந்த ஏடு அடிப்படையில் வேறுபடும் இடம், பண்ணையாளும் பட்டாதாரரும் இதில் ஒரே அளவு இடத்தைப் பெறுகிறார்கள் என்பதும், தாயின் பெயர் தவறாமல் வருகிறது என்பதும் ஆகும். பெண்ணின் பெயரை எழுத மறுத்த ஆவணங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏடு ஒரு வியப்பாக அமையும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் தாய்மாமனோ அத்தையோ பெரியப்பனோ ஆனதால், ஒரு திருமுழுக்குப் பதிவு நெருங்கிய உறவு வட்டத்தையே காட்டிவிடும்.

பெயர்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பதிவு பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டது. வீட்டில் சின்னப்பன் என அழைக்கப்பட்டவர் ஏட்டில் பவுலுவாகவும், இராயப்பன் பேதுருவாகவும், சவரிமுத்து சவேரியாராகவும், ஞானப்பிரகாசம் அலோசியுவாகவும் இருப்பார்கள். தோட்டத்துச் செக்ரோல் எனப்பட்ட வருகைப் பதிவேட்டில் அதே ஆள் இவை எதுவுமில்லாத மூன்றாவது பெயரில் இருப்பார். மூன்று பெயர்களும் ஒருவருடையவையா என்பதைத் தந்தையின் பெயர், மனைவியின் பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு ஆகியவை பொருந்துவதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். பெயர் ஒன்றாயிருப்பதால் மட்டும் ஒருவரைப் பாட்டனாக்கிக்கொள்வது கூடாது. அந்தோணியும் ஆரோக்கியமும் இல்லாத பங்கு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

எந்தக் கோயிலில் தேடுவது என்பது அடுத்த வினா. இன்று உங்கள் பூர்வீக ஊரில் நிற்கும் கோயில் அன்று ஒரு கிளைக் கோயிலாக இருந்திருக்கும்; பழைய ஏடுகள் தாய்ப்பங்கில் இருக்கும். ஆவூர், மலையடிப்பட்டி, சருகணி போன்ற பழைய மறைத்தளங்கள் சுற்றிலும் விரிந்த பெரும் பரப்பைக் கவனித்துவந்தவை. 1938இல் மதுரை தனி மறைமாவட்டம் ஆவதற்கு முன் அப்பகுதி திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் இருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கு ஏடுகளின் நகலை ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கு அனுப்பும்படி விதித்தது. ஆகவே பங்கில் ஏடு கறையானுக்கு இரையாகியிருந்தாலும் ஆயர் இல்லத்தில் கேட்டுப் பார்க்கலாம். கிறிஸ்தவத் திருமணங்களுக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அரசின் பதிவுத்துறைக்கும் நகல் சென்றிருக்க வேண்டும். இலங்கையில் நடந்த திருமுழுக்குகளுக்கு 1886இல் உருவான கண்டி மறைமாவட்டத்தின் தோட்டப்புறக் கோயில்களையும், பதுளைப் பக்கமாயின் 1972க்குப் பின் பதுளை மறைமாவட்டத்தையும் நாடலாம். இலங்கைப் பதிவாளர் நாயகத் திணைக்களம் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் சான்றுப் பிரதிகளை இன்றும் விண்ணப்பத்தின் பேரில் வழங்குகிறது. சீர்திருத்தச் சபையினர் தத்தம் சேகரத்தின் போதகரிடமிருந்து தொடங்கலாம்.

உங்களுக்கு மிக அருகில், பெருமாள்மலைக்கும் கொடைக்கானலுக்கும் இடையிலுள்ள செண்பகனூரில், 1895இல் நிறுவப்பட்ட திருஇருதயக் கல்லூரி வளாகத்தில், இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக்காப்பகம் இருக்கிறது. 1838இல் மீண்டும் தொடங்கிய மதுரை மறைப்பணித்தளத்தின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இல்லக் குறிப்பேடுகளும் சேர்ந்துள்ள அந்த இடத்தை உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள்; பேருந்தில் அதைக் கடந்து வேலைக்குப் போகும் நீங்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. தனிப்பட்ட ஒருவரின் திருமுழுக்குப் பதிவை அங்கே எதிர்பார்ப்பது சரியன்று. அது பங்கிலேயே இருக்கும். ஆனால் உங்கள் ஊர் எந்தத் தாய்ப்பங்கின் கீழ் இருந்தது, எந்த ஆண்டில் பஞ்சமோ காலராவோ வந்தது என்பவற்றை அறிய அத்தகைய கடிதங்களும் நாட்குறிப்புகளும்தான் உதவும்.

இந்த மலையின் எழுதப்பட்ட வரலாறு ஒருதலைப்பட்சமானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1821இல் மலையை அளந்த வார்டு, 1845இல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறிய அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள், 1863இல் ஏரியை உருவாக்கிய ஆட்சியர் லெவிஞ்சு என்று ஒவ்வொருவரின் பெயரும் ஆண்டும் பாடப்புத்தகம் போல ஒப்பிக்கப்படுகின்றன. சென்னை மாகாணத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஆங்கிலத் திருச்சபையில் ஞானஸ்நானம் நடந்தால் அதன் நகல் இலண்டனுக்குப் போனது. அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் குழந்தையையும் அதன் தாயையும் பெரியகுளம் அடிவாரத்திலிருந்து டோலியில் தூக்கி வந்தவர்களின் பெயர்களுக்கு எந்த நகரத்துக்கும் நகல் போகவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் பேசிப் புலம்புவதால் பயனில்லை. இருக்கும் தாளுக்கு நகல் எடுப்பதால் பயனுண்டு.

உங்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்குப் பங்குப் பதிவேடு இல்லையென்று இம்மடல் கைவிரிக்கவில்லை. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு என்று ஊர்ப்புறங்களில் ஒன்று உண்டு. திருவிழாச் செலவுக்கு மணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி, இவரிடம் இவ்வளவு வசூல் என்று பங்காளிகள் எழுதிவைக்கும் கணக்கு அது. கடல் கடந்த பின்பும் ஊர்க்கோயிலுக்குப் பணம் அனுப்பிய குடும்பங்கள் பல. சிலோன் இன்னார் என்ற வரி அந்த நோட்டில் கிடைத்தால் அது எந்தச் சான்றுக்கும் குறைந்ததன்று. கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் உபயதாரர் பெயர் வெட்டும் வழக்கமும் இருந்தது. உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் குலதெய்வத்தின் பெயரையும், மொட்டை போட்ட இடத்தையும், எந்த வகையறாவோடு கொள்வினை கொடுப்பினை என்பதையும் கேளுங்கள். அவர்கள் பாடும் ஒப்பாரியில் பிறந்த வீட்டின் ஊர்ப்பெயர் வரும், அதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆண்கள் தோட்டத்தின் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். ஊரின் பெயரை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஊர் உறுதியான பிறகு நிலப்பதிவுக்குப் போகலாம். அப்போது அது முன்போல ஊமையாக இருக்காது. 1892இல் சென்னை மாகாண அரசு, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படை செய்யத் தொடங்கியது; பஞ்சமி நிலம் என்று நீங்கள் அறிந்தது அதுவே. பட்டியல் சாதிக் குடும்பங்கள் தம் ஊரின் பழைய 'அ' பதிவேட்டில் இத்தகைய ஒப்படைக் குறிப்பு உள்ள புலங்களைப் பார்த்தால் முன்னோரின் பெயர் நேரடியாகக் கிடைக்க வாய்ப்புண்டு. 1979க்குப் பின் நடந்த யு.டி.ஆர். என்னும் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா எண்களும் பெயர்களும் மாறின என்பதால், இணையத்தில் வரும் இன்றைய பட்டாவோடு நில்லாமல், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கர்ணம், மணியக்காரர் என்னும் ஊர் அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் கைமாறின. பழைய கர்ணத்தின் வீட்டில் பரணில் கிடக்கும் நகலையும் விசாரிப்பதில் தவறில்லை.

சார்பதிவாளர் அலுவலகம் இன்னும் பயன் தருவது. கடல் கடக்கும் முன் நிலத்தை அடகு வைத்தவர்களும் விற்றவர்களும் பத்திரம் எழுதியிருப்பார்கள். இலங்கையில் இருந்துகொண்டே அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவரின் தந்தை பெயர், குடியிருப்பு ஆகியவற்றோடு நிலத்தின் நான்கெல்லையும் அந்தந்த எல்லைக்காரரின் பெயரோடு வரும். ஒரு பத்திரமும் எழுதாத உங்கள் பாட்டன், பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தில் கிழக்கெல்லையாக நிற்கக் கூடும். அசையாச் சொத்து தொடர்பான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும், உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே கூறுகிறது. நீங்கள் எந்தச் சொத்துக்கும் உரிமை கோர வரவில்லை, வம்சத்தைத் தேடியே வந்திருக்கிறீர்கள் என்பதை ஊரில் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பங்காளி வீட்டுக் கதவு அடைபடுவதற்கு அந்த அச்சமே முதற்காரணம்.

மீண்டும் ஒருமுறை அயர்லாந்து. 1922 சூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் கருவூலம் வெடித்துச் சிதறி எரிந்தது. பாதுகாப்புக்கென்று ஒரே கட்டடத்தில் சேர்த்துவைத்த 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிக்கணக்குகளும், முன்பு அரசுச் சார்பு பெற்றிருந்த திருச்சபையின் பதிவேடுகளில் பெரும்பகுதியும் அதில் அழிந்தன. கத்தோலிக்கப் பங்கு ஏடுகளோ அந்தந்தச் சிற்றூரின் கோயில்களிலேயே கிடந்ததால் தப்பின. பின்னர் அவற்றை நுண்படமாக்கிய தேசிய நூலகம் 2015இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகளை எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டது. எரிந்த கருவூலத்தைக்கூட, வேறு இடங்களில் இருந்த நகல்களைத் திரட்டி, 2022இல் மின்வடிவில் மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். ஏடுகள் ஓரிடத்தில் குவியாமலும் நகல்கள் பல கைகளிலும் இருந்ததே அங்கே எஞ்சியதைக் காத்தது. பழனிமலையில் தாளை அழிக்க வெடிமருந்து தேவையில்லை; ஓர் ஐப்பசி மழையும், ஒழுகும் கூரையும், வெள்ளிப்பூச்சியும் போதும்.

ஆதலால் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. ஒவ்வொரு குடியிருப்பிலும் எழுதத் தெரிந்த இளைஞர் சிலர் முன்வந்து, வீடு வீடாகச் சென்று, குடும்ப அட்டையையும் கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றையும் பகல் வெளிச்சத்தில், பின்பக்கத்தையும் முத்திரைகளையும் விடாமல், படமெடுத்துக்கொள்ளுங்கள். தாள் நைந்திருக்கிறது என்று லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, மை மங்கினால் சரிசெய்யவும் முடியாது. படத்தோடு ஒரு தாளில், நினைவில் உள்ள மிக மூத்தவரின் பெயர், அவர் மனைவியின் பெயர், இந்திய ஊர், தோட்டமும் பிரிவும், கங்காணியின் பெயர், குலதெய்வம் அல்லது பங்குக் கோயில் ஆகியவற்றை எழுதி, சொன்னவர் யார் என்பதையும் தேதியையும் குறியுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம், வெற்றிடமாகவே விடுங்கள். சாதியை எழுத விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தவும் வேண்டாம்; அது அவர்களின் உரிமை. வாழ்ந்துகொண்டிருப்போரின் விவரங்களை வெளியில் பரப்பாதீர்கள். கேட்பவருக்கு ஏற்ற பாளையக்கார வம்சத்தை வரைந்து கொடுப்போர் பணத்துக்காகச் சுற்றுகிறார்கள். அவர்களிடம் ஏமாற வேண்டியதில்லை, ஏனெனில் கூலியாகப் போனவரின் உண்மையான பெயர் இல்லாத ராஜாவின் பெயரைவிட மதிப்புள்ளது.

இவ்வாறு சேர்ந்ததைக் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள்: குடியிருப்பில் ஒன்று, அருகிலுள்ள பள்ளி நூலகத்தில் ஒன்று, நீலகிரியிலோ சமவெளியிலோ வாழும் உறவினரிடம் ஒன்று. அதன் பிறகு தனித்தனியாக அலையாமல், ஒரே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் சேர்ந்து ஒரே கடிதமாகப் பங்குத்தந்தைக்கும், வட்டாட்சியருக்கும், தேவைப்பட்டால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கும் எழுதுங்கள். பெயர், ஏறத்தாழ ஆண்டு, ஊர் ஆகிய மூன்றும் இருக்கும் கடிதத்துக்கே பதில் கிடைக்கும். வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கூடும் பெருமாள்மலை எல்லோரும் வந்துசேர ஏற்ற இடம். முதல் கூட்டத்தை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலுள்ள மூத்த பெண்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். எந்த அலுவலகம் கேட்டாலும் குடும்ப அட்டையின் மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மூலத்தைக் காட்டிவிட்டு, சான்றொப்பமிட்ட நகலை மட்டும் கொடுங்கள்.